அச்சேறிய கட்டுரை ஆய்வேடு ஆகுமா?

ஏலம் விளையும் மலையும், அந்த ஏலம் ஏலத்துக்கு வரும் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இடம் போடிநாயக்கனூர். போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டங்கள் தொடர்கின்றன. அங்கே பறித்து உலர்த்திய காய், தோட்டக்காரர்வாரியாகத் தனித்தனி எண்ணிட்ட குவியல்களாக விற்பனைக்கு வருகிறது. வாங்குபவர் நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை கேட்கிறார். வாங்கிய பிறகு பல குவியல்களையும் ஒன்றாகக் கொட்டிச் சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஒரு தரம், அதற்குக் கீழ்ப்பட்டது வேறு தரம் என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்த பின் ஒரு காயைக் கையில் எடுத்து, 'இது எந்தத் தோட்டத்துக் காய்?' என்று கேட்டால் எவராலும் விடை சொல்ல முடியாது. வியாபாரத்துக்கு அந்த விடை தேவையும் இல்லை.

ஆனால் ஒரு தோட்டக்காரர் அந்தக் கலந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'சிறந்த விவசாயி என்ற பரிசை எனக்குத் தாருங்கள்' என்றால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? 'ஐயா, காய் நல்ல காய்தான். இதில் உங்கள் தோட்டத்துக் காய் எது?' என்றுதானே கேட்பீர்கள்?

டாக்டர் பட்டத்துக்கு அளிக்கப்படும் ஆய்வேடுகளைப் பற்றியும் இன்று இதே வினாவை எழுப்ப வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர், தம் ஆசிரியருடனும் பிறருடனும் சேர்ந்து ஆராய்ச்சி இதழ்களில் வெளியிட்ட கட்டுரைகளை ஆய்வேட்டில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்றால் எவ்வாறு சேர்ப்பது? இதழ்க் கட்டுரைகளை அடுக்கித் தைத்துவிட்டால் அது ஆய்வேடு ஆகிவிடுமா? இது பல்கலைக் கழக அலுவலகத்தின் சில்லறை விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டம் எதற்காகத் தரப்படுகிறது என்ற அடிப்படையைத் தொடும் கேள்வி இது. இதை விளங்கிக்கொள்ளப் போடி மலைச் சரிவிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

மலை குடையப்படவில்லை, ஆய்வேடுகள் வந்தன

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் உள்ளது. அதன் மேற்கே நிற்கும் மலையை ஊரார் அம்பரப்பர் மலை என்கிறார்கள். இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமையவிருந்த இடம் இந்த மலைதான். சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வெட்டி, எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகை ஒன்றில் 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். ஒவ்வொன்றும் 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள 151 இரும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு இடையே துகள்கள் கடந்து செல்வதை உணர்த்தும் கண்ணாடி உணர்கருவிகள். இரும்பு முழுவதும் காந்தமூட்டப்பட்டிருக்கும்.

காந்தம் எதற்கு? விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது நியூட்ரினோக்களும் எதிர்-நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. அவற்றில் மிகச் சில இரும்பில் மோதி மியூவான் என்னும் துகளை உண்டாக்கும். நியூட்ரினோ தருவது எதிர்மின் மியூவான். எதிர்-நியூட்ரினோ தருவது நேர்மின் மியூவான். காந்தப் புலத்தில் இவை எதிரெதிர்ப் பக்கம் வளையும். எனவே, வந்தது எது என்று பிரித்தறியலாம். பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும் நியூட்ரினோக்களையும் எதிர்-நியூட்ரினோக்களையும் இவ்வாறு பிரித்து ஒப்பிட்டால், மூன்று நியூட்ரினோ நிறைகளுள் மூன்றாவது மற்ற இரண்டையும் விடப் பெரியதா சிறியதா என்ற நிறை வரிசை புலப்படும். இதுவே கருவியின் முதன்மை நோக்கம்.

சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவிலான இத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மலை, நீர், காடு பற்றிய கவலைகளை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் எழுப்பினார்கள். வழக்குகள் நடந்தன. அருகே கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா இருப்பதும் பேசப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வுக்கூடம் கட்டப்படவில்லை. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று.

இத்திட்டத்துக்கென ஆராய்ச்சி மாணவர்களைப் பயிற்றும் ஏற்பாடு 2008ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. மாணவர்கள் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ்ப் பதிவு செய்து பட்டம் பெற்றார்கள். மலை குடையப்படாதபோது அவர்கள் எதை ஆராய்ந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உணர்கருவிகளைச் செய்து சோதித்தார்கள். கருவி எப்படி இயங்கும் என்று கணிப்பொறியில் மாதிரிச் சோதனைகள் நடத்தினார்கள். மதுரையில் 85 டன் எடையில் 2018 முதல் இயங்கத் தொடங்கிய சிறு மாதிரிக் கருவியில் மியூவான்களை அளந்தார்கள். அவற்றிலிருந்து இதழ்க் கட்டுரைகள் பிறந்தன. அக்கட்டுரைகளிலிருந்து ஆய்வேடுகளும் பிறந்தன.

ஓர் எண்ணின் பின்னால் எத்தனை கைகள்?

இவ்வாராய்ச்சிகளின் தொகுப்பாக 'பிரமாணா' என்ற இந்திய இயற்பியல் இதழில் 2017இல் ஒரு நீண்ட அறிக்கை வெளியாயிற்று. இரும்புக் கருவியால் எவற்றைக் கண்டறிய முடியும், எவ்வளவு உறுதியாகக் கண்டறிய முடியும் என்பதை முறையாக எடுத்துரைக்கிறது அது. ஆசிரியர் பட்டியலில் பல நிறுவனங்களைச் சேர்ந்த பலரின் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. பொருளால் சிறந்த அறிக்கை. நியூட்ரினோ பிறப்பதில் தொடங்கி, கருவியின் திறனைச் சொல்லி, முடிவான கணக்குகளுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்கிறது. ஆனால் நம் கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. எந்த அட்டவணையை எவர் தயாரித்தார் என்பதை அகர வரிசை சொல்லாது.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். நிறை வரிசையை இக்கருவி எவ்வளவு உறுதியாகக் காட்டும் என்பதற்கு ஓர் அளவெண் உண்டு. மியூவான்களின் ஆற்றலையும் திசையையும் மட்டும் கொண்டு கணக்கிட்டால், 10 ஆண்டுகள் இயங்கிய பின் அந்த எண் சுமார் 6.5 ஆகும். நியூட்ரினோ மோதும்போது மியூவானுடன் ஹாட்ரான்கள் என்னும் வேறு துகள்களும் தெறிக்கின்றன. அவற்றின் ஆற்றலையும் கணக்கில் சேர்த்தால் எண் சுமார் 9 ஆக உயர்கிறது. இதன் வர்க்கமூலம் 3. துகள் இயற்பியலார், ஒன்று இருப்பதாகச் சான்று கிடைத்தது என்று பேசத் தொடங்கும் எல்லை இதுதான். 6.5இன் வர்க்கமூலமோ இரண்டரைதான். ஆகவே இது பயனுள்ள முன்னேற்றம். இதைக் காட்டிய கட்டுரை 2014இல் நான்கு பேர் பெயரில் வெளிவந்தது.

இப்போது அந்த 9ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மியூவானின் ஆற்றலையும் திசையையும் கருவி எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்ற அட்டவணை இல்லாமல் அந்த எண் வராது. அந்த அட்டவணையைத் தந்தது, கருவிகள் பற்றிய இதழொன்றில் 2014இல் வெளியான வேறொரு கட்டுரை. அதுவும் கருவியின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்துவது. ஓரப்பகுதிகளில் காந்தப் புலம் சீராக இராது, துகள்களும் பாதியில் வெளியேறிவிடும் என்பதால் அங்கே என்ன ஆகும் என்று 2015இல் தனிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. ஹாட்ரான்களின் ஆற்றலை அளக்கும் அட்டவணை 2013இல் வெளியான மற்றொரு கட்டுரையில் உள்ளது. ஹாட்ரான்கள் இரும்பில் நேரான தடம் பதிப்பதில்லை, சிதறிவிடுகின்றன. எத்தனை இடங்களில் உணர்கருவி விழித்தது என்று எண்ணித்தான் ஆற்றலை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டின் சிதறல் குறைந்த ஆற்றலில் 85 சதவீதம் வரை போகிறது. ஆற்றல் 15 மடங்கானால் 36 சதவீதமாகக் குறைகிறது. இவ்வளவு மங்கலான அளவையும் வீணாக்காமல் சேர்த்ததால்தான் எண் 6.5இலிருந்து 9க்கு உயர்ந்தது.

ஒரே ஓர் எண்ணுக்குப் பின்னால் இத்தனை கட்டுரைகள், இத்தனை கைகள். இது குறையன்று; இன்றைய விஞ்ஞானம் நடக்கும் முறையே இதுதான். ஆனால் இக்கட்டுரைகளுள் ஒன்று ஒரு மாணவரின் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக இடம்பெறும்போது, தேர்வாளர் என்ன கேட்க வேண்டும்? 'மாதிரிச் சோதனைக்கான நிரலை எழுதியவர் நீரா? அட்டவணையைத் தயாரித்தவர் நீரா? அல்லது பிறர் தந்த அட்டவணைகளைக் கொண்டு இறுதிக் கணக்கைச் செய்தவர் நீரா?' என்று கேட்க வேண்டும். மூன்றும் மதிப்புள்ள வேலைகளே. மூன்றும் ஒன்றல்ல. இதழ்க் கட்டுரை 'நாங்கள் கண்டோம்' என்று சொல்கிறது. ஆய்வேடுதான் 'நான் இதைச் செய்தேன்' என்று சொல்ல வேண்டிய இடம். அதையும் அது சொல்லாவிட்டால், ஒருவருடைய உழைப்பைத் தனித்துக் காட்டும் ஏடு வேறு எதுவுமே இல்லாமல் போகிறது.

மூன்று வழக்கங்கள்

வெளியான கட்டுரைகளை ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு உலகில் மூன்று வழக்கங்கள் உள்ளன.

முதலாவது, கட்டுரைகளை அச்சிட்டபடியே வைத்து, முன்னால் ஒரு நீண்ட முன்னுரை எழுதிச் சேர்த்துக் கட்டுவது. ஸ்வீடன் நாட்டில் இது பெருவழக்கு. அந்த முன்னுரைப் பகுதியை அவர்கள் 'கப்பா' என்கிறார்கள். மேலங்கி என்று பொருள். தனித்தனிக் கட்டுரைகளுக்கு மேலே போர்த்தி, அவற்றை ஓர் உருவமாகக் காட்டுவதால் அந்தப் பெயர். மேலங்கி நன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் இம்முறையில் தவறில்லை. இரண்டு பக்கத்தில் ஒப்புக்கு எழுதிய முன்னுரையோடு நான்கு கட்டுரைகளைக் கட்டித் தந்தால், அது தைக்காத துணிதான்.

இரண்டாவது, கட்டுரைகளின் உள்ளடக்கத்தை மாணவர் மீண்டும் விரிவாக எழுதி அத்தியாயங்களாக்குவது. வெளியான கட்டுரைகளின் பட்டியலை முன்பக்கத்தில் தருவது. நம் நாட்டில் பெரும்பாலும் இதுவே. ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் ஆய்வேடுகளில், 'ஆய்வேட்டிலிருந்து எழுந்த வெளியீடுகள்' என்று ஒரு பக்கம் தொடக்கத்திலேயே இருக்கும். நியூட்ரினோத் திட்ட மாணவர்களின் ஆய்வேடுகளும் இம்முறையில் அமைந்தவையே.

மூன்றாவது, ஆய்வேட்டைத் தனியாக எழுதி, கட்டுரைகளைப் பின்னிணைப்பில் வைத்துவிடுவது.

இவற்றுள் இரண்டாவதே மாணவருக்கு நல்லது என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் அடக்கவேண்டிய இதழ்க் கட்டுரையில் தவறிப்போன முயற்சிகளுக்கு இடமில்லை. ஓர் உணர்கருவியில் வாயு கசிந்தது, ஒரு நிரலில் குறி மாறி எல்லா மியூவான்களும் ஒரே பக்கம் வளைந்தன, மூன்று மாதம் கழித்தே பிழை தெரிந்தது என்றால், இதழ் அதைக் கேட்பதில்லை. ஆனால் அடுத்து வரும் மாணவருக்கு அதுவே பெரிய உதவி. ஆய்வேட்டில் அதற்கு இடம் உண்டு. அம்பரப்பர் மலையைப் போல, கருவி கட்டப்படாமல் நின்றுபோன திட்டங்களில் இந்த அனுபவ அறிவைக் காப்பாற்றி வைத்திருப்பவை ஆய்வேடுகள்தாம்.

எனினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. முன்பக்கப் பட்டியல் கட்டுரையின் பெயரையும் இதழையும் ஆண்டையும் சொல்கிறது. மாணவரின் பங்கைச் சொல்வதில்லை. பலர் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரை, இரண்டு மூன்று மாணவர்களின் பட்டியலில் இடம்பெறக் கூடும். அது முறையானதே; ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கு எது என்று எழுதினால்தான் முறையாகும்.

மேரி கியூரி காட்டிய வழி

இது இன்று முளைத்த சிக்கல் என்று எண்ண வேண்டாம். மேரி கியூரி அம்மையார் 1903இல் பாரிஸ் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குக் கதிரியக்கப் பொருள்கள் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். அதற்குள் பொலோனியம் பற்றிய கட்டுரை 1898 ஜூலையில் அவர் பெயரிலும் கணவர் பியர் கியூரி பெயரிலும் வெளியாகியிருந்தது. ரேடியம் பற்றிய கட்டுரை அதே ஆண்டு டிசம்பரில் இவ்விருவருடன் பெமோன் என்பவர் பெயரும் சேர்ந்து வெளியாகியிருந்தது. ஆய்வேட்டில் இவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது சொற்பம். அப்படியே சேர்த்தாலோ எது எவருடையது என்ற ஐயம் எழும்.

அவர் என்ன செய்தார்? யுரேனியக் கதிர்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தாம் தொடங்கியதையும், அதன் முடிவுகள் ஆர்வமூட்டவே பியர் கியூரி தம் சொந்த வேலையை ஒதுக்கிவிட்டுத் தம்முடன் சேர்ந்துகொண்டதையும் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். கூட்டு வேலையை மறைக்கவும் இல்லை. அதற்குள் தம்மை மறைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு சில வரிகளில் முடிந்த காரியம். பெண்ணின் விஞ்ஞான வேலையைக் கணவரின் கணக்கில் எழுதிவிட உலகம் தயாராக இருந்த அக்காலத்தில், அந்தச் சில வரிகளின் மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

விதிகள் எங்கே தவறின?

நம் நாட்டு விதிகளையும் சற்று நோக்குவோம். ஆய்வேட்டை அளிக்கும் முன் ஒரு கட்டுரையேனும் தகுதியான இதழில் வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2016ஆம் ஆண்டு விதிகள் அதோடு கருத்தரங்குகளில் இரண்டு முறை கட்டுரை படிக்க வேண்டும் என்றும் சேர்த்தன. நோக்கம் நல்லது. மாணவர் தம் வேலையை வெளியார் பார்வைக்கு வைக்கட்டும், குறை கேட்கட்டும் என்பதே எண்ணம். ஆனால் எண்ணிக்கை கட்டாயமானதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. தரமான இதழ்களைப் பட்டியலிட 2018இல் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இதற்கிடையே 2022ஆம் ஆண்டு விதிகள் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையே நீக்கிவிட்டன. ஒரு பல்கலைக் கழகம் தானாக அதை விரும்பினால் விதிக்கலாம்.

இதற்கு எதிர்த் திசையிலிருந்து வேறொரு நெருக்கடி வந்தது. பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க 2018இல் விதிகள் வந்தன. ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிற எழுத்துடன் ஒப்புமை இருந்தால் திருத்தி எழுத வேண்டும். 40 சதவீதத்தைத் தாண்டினால் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். தேவையான விதிதான். ஆனால் ஒப்புமையைக் கண்டுபிடிப்பது கணிப்பொறி. மாணவர் தம் சொந்தக் கட்டுரையை ஆய்வேட்டில் சேர்த்திருந்தாலும் அது 'ஒப்புமை' என்றே காட்டும். தம் பழைய எழுத்தைத் தக்க குறிப்பின்றிப் புதியதாகக் காட்டுவது தவறு என்று 2020இல் மானியக் குழுவும் அறிவித்தது. தவறு என்னவோ குறிப்பின்றிச் சேர்ப்பதுதான். குறிப்போடு சேர்ப்பது அன்று. இந்த வேறுபாட்டை அலுவலகமும் மாணவரும் மறந்தால் என்ன ஆகிறது? சதவீதத்தைக் குறைப்பதற்காக மாணவர் தம் கட்டுரையின் சொற்களை மாற்றத் தொடங்குகிறார். அளவையின் 'துல்லியம்' வேறு, 'பிழை' வேறு, 'சிதறல்' வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் கணிப்பொறி ஏமாறும், விஞ்ஞானமும் கெடும். நேர்மைக்காக வந்த விதி, தெளிவான வாக்கியத்தைக் குழப்பமான வாக்கியமாக்கும் பயிற்சியில் முடிந்தால் அது யாருக்கு லாபம்?

பதிப்புரிமை என்ற இன்னொரு முடிச்சும் உண்டு. கட்டுரை வெளியாகும்போது உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது பல துறைகளில் வழக்கம். ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஆனாலும் கையெழுத்திடும் முன் அந்தத் தாளைப் படித்துப் பார்ப்பது மாணவரின் கடமை.

'நடுவர்கள் பார்த்ததுதானே?'

இவ்வளவு வாதம் எதற்கு, இதழின் நடுவர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து ஏற்ற கட்டுரையைத் தேர்வாளர் மீண்டும் கிளறுவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. தரமான இதழில் வெளியான கட்டுரை, முன்பின் அறியாத ஒருவரின் கண்டிப்பான பார்வையைத் தாங்கி நின்றது. அந்த அனுபவம் மாணவருக்கு மிக நல்லது. ஆய்வேட்டில் அதைச் சேர்க்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை ஒழுங்காக எழுதியதை மீண்டும் எழுதவே கூடாது என்று தடுப்பதும் வீண் வேலை.

ஆனால் நடுவரின் வேலையும் தேர்வாளரின் வேலையும் ஒன்றல்ல. நடுவர் முடிவைச் சோதிக்கிறார். தேர்வாளர் ஆளைச் சோதிக்கிறார். 9 என்ற எண் சரிதானா என்பது நடுவரின் கேள்வி. நாளை வேறொரு கருவியைக் கொடுத்தால் இவர் தனியாக நின்று அதற்கான எண்ணைக் கண்டுபிடிப்பாரா என்பது தேர்வாளரின் கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடலாமா?

என்ன செய்யலாம்?

பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் நான்கே வாக்கியம் போதும். இந்த அத்தியாயம் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது? அதில் நான் செய்தது எது? பிறர் தந்ததை நான் பயன்படுத்தியது எது? கட்டுரையில் இல்லாமல் இங்கே புதிதாகச் சேர்ந்தது எது? கூட்டாசிரியர்கள் அதற்கு ஒப்புக் கையெழுத்திட வேண்டும். டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய ஒப்புதல் தாள் வழக்கத்தில் உள்ளது. எண்ணம் தந்தவர், நிரல் எழுதியவர், அளந்தவர், பகுத்தாய்ந்தவர் என்று பங்குகளை 14 வகையாகப் பிரித்துக் காட்டும் முறையைப் பல இதழ்களும் கையாளுகின்றன. இதழே சொல்லும்போது ஆய்வேடு சொல்லக் கூடாதா?

இன்னொன்றையும் கேட்பேன். ஹாலந்து நாட்டில் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும் கடைசியில் டச்சு மொழியில் ஒரு சுருக்கம் தருவது மரபு. நியூட்ரினோ ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. பொட்டிப்புரத்திலும் தேவாரத்திலும் போடியிலும் பல ஆண்டுகளாக மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, 'இந்தப் பிள்ளைகள் எதை ஆராய்கிறார்கள்?' என்பதுதான். ஒவ்வோர் ஆய்வேட்டின் முடிவிலும் எளிய தமிழில் இரண்டு பக்கம் இருந்திருந்தால், ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசியிருப்பார்கள். தமிழில் இரண்டு பக்கம் எழுத முடியாத அளவுக்கு எந்த ஆராய்ச்சியும் கடினமானதன்று.

இதைப் படிக்கும் மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆராய்ச்சிக்குச் செல்வீர்கள். உங்கள் பெயர் பத்துப் பேருடன் சேர்ந்து அச்சில் வரும். மகிழுங்கள், அது பெருமையே. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, இன்று நான் செய்தது இது, பிறரிடம் பெற்றது இது என்று தேதியிட்டு எழுதி வாருங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஆய்வேடு எழுத உட்காரும்போது, மேலே சொன்ன நான்கு வாக்கியங்களுக்கும் விடை அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். தேர்வாளர் மூட்டையைத் தொட்டு, 'இதில் உம் தோட்டத்துக் காய் எது?' என்று கேட்டால், நீங்கள் தயங்காமல் எடுத்துக் காட்டலாம்.